கெட்டியான பைப்பா, லேசான பாட்டிலா?

அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அந்த நாட்களில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பிள்ளை தண்ணீர் ராக்கெட் செய்ய உட்கார்ந்தால், தோப்பு மோட்டார் ரூமில் கிடக்கும் மிச்ச பிவிசி பைப்தான் முதலில் கண்ணில் படும். கெட்டியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். நேயர்களே, அதை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

தண்ணீர் ராக்கெட்டைத் தள்ளுவது உள்ளே அடைக்கும் அழுத்தக் காற்று. பிவிசி தண்ணீரைத் தாங்கும், காற்றுக்கு ஆகாது. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்குவதில்லை, அதனால் பைப்பில் விரிசல் விட்டதும் வேகம் அடங்கிவிடும். அடைபட்ட காற்றோ திமிறி விரிந்து, பைப்பைச் சில்லுசில்லாக வீசியடிக்கும். வெயிலில் காய்ந்த பைப் இன்னும் மோசம், சட்டென நொறுங்கும். காற்றழுத்தத்துக்கு வெறும் பிவிசி பைப் வேண்டாமென்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1988-லேயே எச்சரித்தது.

ஏற்றது 2 லிட்டர் சோடா, கலர் பாட்டில். பெட் எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் பாட்டில் வாயு அழுத்தத்தைத் தாங்கவே வார்க்கப்படுவது. மீறினால் பெரும்பாலும் கிழியும், சிதறாது. குடிநீர் பாட்டிலும் சதுர ஜூஸ் பாட்டிலும் இதற்கு உதவா. கீறலோ மடிப்போ விழுந்த பாட்டிலைக் கழித்துவிட வேண்டும். சூட்டுப் பசையும் கூடாது. பெட் 70 டிகிரியைத் தாண்டினாலே இளகும், அதனால் இறக்கைகளை டேப்பால் ஒட்டுவதே நல்லது.

சிவகாசி நமக்குப் பக்கம்தான். அங்கே தீபாவளி ராக்கெட்டின் உடல் இன்றும் சுருட்டிய காகிதக் குழாய். அதன் வெடிமருந்தைப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்துப் பார்க்கும் எண்ணம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. பெற்றோர் இதை வாய்விட்டே சொல்லிவைக்க வேண்டும்.

இறக்கைக்கு ஃப்ளூட் போர்டு போதும். சிடி டப்பா வேண்டாம், அது பாலிஸ்டைரீன், விழுந்தால் கூராக உடையும். முப்பரிமாண அச்சில் வார்க்கும் பிஎல்ஏ 60 டிகிரியில் வளையும், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அது நிற்காது. மூக்குக்கு ஸ்பாஞ்சு. ஆண்டாள் கோயில் கோபுரத்தில் பாதி உயரம் போய்த் தலைகீழாக வருகிற பொருள் இந்த ராக்கெட்.

பறக்கவிடும் முன் ஒரு சோதனை உண்டு. பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, டியூப் வால்வு பொருத்திய மூடியால் இறுக்கி, பெரியவர் ஒருவர் தள்ளி நின்று நீள ஹோஸில் 70 பிஎஸ்ஐ வரை ஏற்றட்டும். கசியாமல், உப்பாமல் நின்றால் மைதானத்தில் 50-க்குள் அடிக்கலாம்.