முழங்கை வலியா? வேலையை விட வேண்டாம், செய்யும் விதத்தை மாற்றுங்கள்



இன்றைக்கு நாம் பேசப்போவது கை வலி பற்றி. கீழே விழுந்து அடிபட்ட வலி இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் முழங்கையில் வருகிற வலி.

நம்ம தருமபுரி மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். புளி சீசனில் பாருங்கள். காலையில் உட்காரும் பெண்கள் பொழுது சாயும்வரை புளியைத் தட்டி, ஓட்டை நீக்கி, கொட்டை எடுக்கிறார்கள். கூலி கிலோ கணக்கில். அவர்களிடம் போய், "கைக்கு ஓய்வு கொடுங்கம்மா" என்று சொன்னால், "அப்போ அடுப்பு எப்படிங்க எரியும்?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு என்ன பதில் என்று பார்ப்போம்.

வலி எங்கிருந்து வருகிறது?

நீங்கள் ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு தொங்காமல் தாங்குவது முன்கையின் தசைகள். அவை தசைநாண் என்னும் உறுதியான நார் வழியாக முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் போய்ச் சேருகின்றன. வேலை திடீரென்று கூடினால், அந்த நார் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைப்பதில்லை. வலி அங்கேதான் தொடங்குகிறது.

மருத்துவர்கள் இதை 'டென்னிஸ் எல்போ' என்பார்கள். 2004-ல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்தது இதுதான். பல ஆட்டங்களை விட்டார், 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். ஆனால் இந்த வலி வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. பால் கறப்பவர், பெயின்டர், தச்சர், துணி பிழிபவர் என்று யாருக்கும் வரலாம். அறுவை சிகிச்சை வரை போவது மிகச் சிலருக்குத்தான்.

உங்களுக்கு இருப்பது இதுதானா? முழங்கையின் வெளிப்பக்க எலும்பை அழுத்தினால் வலிக்கும். தண்ணீர் நிறைந்த சொம்பைத் தூக்கும்போதும், ஈரத்துணியை முறுக்கும்போதும் சுரீர் என்று இழுக்கும்.

என்ன செய்யலாம்?

கையை முழுவதுமாகக் கட்டிப்போட வேண்டியதில்லை. அப்படி வைத்தால் தசை இன்னும் பலவீனமாகும். சுமையைக் குறைத்து வேலையைத் தொடருங்கள். சுத்தியல் பிடி மெல்லியதாக இருந்தால் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவைப்படாது. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையை விடுங்கள். தட்டுவது கொஞ்ச நேரம், கொட்டை பொறுக்குவது கொஞ்ச நேரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். குடத்தையோ பையையோ தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி, முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.

இதோடு ஒரு பயிற்சி. முன்கையை மேசை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். அடுத்த கையின் உதவியால் மணிக்கட்டை மேலே தூக்குங்கள். பிறகு உதவியை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். தினமும் பத்து பத்தாக மூன்று தடவை. லேசான வலி பரவாயில்லை. மறுநாள் வலி கூடினால், பாட்டிலில் பாதித் தண்ணீர் போதும்.

பொறுமை வேண்டும். வாரக்கணக்கில் தெரியாது, மாதக்கணக்கில் தெரியும். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும்.

என்ன செய்யக் கூடாது?

"ஒரு ஊசி போட்டா போயிடும்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகவே கேட்கும். ஆனால் ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்ப வருவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவரிடம் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் போடாதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பாதிக்கும்.

கைப்பேசிக்கும் ஒரு வார்த்தை. முழங்கையை மடக்கியே வெகுநேரம் போன் பார்த்து, சுண்டு விரல் மரத்துப்போனால் அது வேறு பிரச்சினை, நரம்பு அழுத்தப்படுகிறது. கையை நீட்டுங்கள், போனை ஸ்டாண்டில் வையுங்கள். மரப்பு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

உதவி எங்கே?

அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். தேவைப்பட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீட்டில் நடமாட முடியாதவர் இருந்தால், உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். கூலியை விட்டு வர முடியாதவர்கள் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். 'இ-சஞ்சீவனி' செயலியில் மருத்துவரிடம் வீடியோவில் இலவசமாகப் பேசலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது முழங்கைப் பிரச்சினை அல்ல. உடனே 108.

வலி வந்த முதல் வாரத்திலேயே கவனித்தால் கூலியும் போகாது, கையும் போகாது. உங்கள் வீட்டில் கை வலியோடு வேலை செய்கிற அம்மாவோ அக்காவோ இருந்தால், இன்றைக்கு ராத்திரி அந்தப் பாட்டில் பயிற்சியைக் கூட உட்கார்ந்து செய்து காட்டுங்கள்.