திரும்பி வந்த தளபதி



பட்டமளிப்பு மேடைகளில் மகான்களின் சரித்திரத்தைச் சொல்வதே சம்பிரதாயம். நான் சொல்லப் புகுவதோ, முழுக்கப் போற்றவும் முழுக்கத் தூற்றவும் இயலாத ஒரு ஜெர்மானியரின் கதை.

யோர்க் ஷேன்போம் 1937-இல் பிராண்டன்பூர்க்கில், பாட் சாரோவை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். யுத்தத்தின் இறுதியில் ஏழு வயதுச் சிறுவனாகக் குடும்பத்தாரோடு மேற்கே ஓடிய அவர், பின்னாளில் மேற்கு ஜெர்மானிய ராணுவத்தில் சேர்ந்து லெப்டினன்ட் ஜெனரல் பதவியை எய்தினார். இடைப்பட்ட உத்தியோக உயர்வுகளை விட்டுவிடுகிறேன். 1990 அக்டோபர் 3 அன்று, இரு ஜெர்மனிகளும் ஒன்றான அத்தினத்தில், ஸ்ட்ரவுஸ்பெர்க் நகரில் அவர் ஏற்ற பொறுப்பிலேதான் என் மனம் நின்றுவிடுகிறது. நெடுங்காலமாகத் தாம் சத்துருவென்று கருதிய கிழக்கு ஜெர்மானியப் படையில் மிஞ்சியிருந்த சுமார் 90,000 வீரர்களுக்கும், மலைமலையாய்க் குவிந்த வெடிமருந்துக்கும் அவரே அதிபதியானார். பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆயினும், நாம் தோற்றவரிடம் வந்த வெற்றியாளர் அல்லோம், ஜெர்மானியரிடம் வந்த ஜெர்மானியரே என்ற எண்ணத்தைத் தம் அதிகாரிகளிடம் அவர் வற்புறுத்தினார். சேனையைத் திரட்டியோர் பலருண்டு. எதிரியின் சேனையை மானபங்கமின்றிக் கலைத்தவர் எத்தனை பேர்?

1999-இல் அவர் பிராண்டன்பூர்க் மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். 2002 மார்ச் 22 அன்று, மாநிலங்களின் மேலவையில் குடியேற்றச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஒரு மாநிலத்தின் வாக்குகள் பிளவுபடலாகாது என்பது அரசியல் சாசன விதியாயிருக்க, பிராண்டன்பூர்க் கூட்டணி அரசின் சக அமைச்சர் 'ஆம்' என்றார், இவர் 'இல்லை' என்றார். முதலமைச்சர் ஸ்டோல்பேயின் 'ஆம்' என்ற சொல்லையே அவைத்தலைவர் ஏற்றுக்கொண்டார். அரசியல் சாசன நீதிமன்றமோ அவ்வாண்டு டிசம்பரில் அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. கூட்டணி நாகரிகத்தை இவர் மீறினார் என்பாருண்டு. நான் அவர்கள் பக்கமில்லை.

ஆனால் 2005-இல், ஒரு வீட்டில் ஒன்பது சிசுக்களின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்ட கோரத்துக்கு, கம்யூனிஸ்ட் ஆட்சி கிழக்கத்திய மக்களைப் பலவந்தமாகப் பாட்டாளிகளாக்கியதே ஒரு காரணமென்று அவர் சொன்னபோது, பிராண்டன்பூர்க் கொதித்தெழுந்தது. படையுடுப்பில் இருந்தபோது காத்த நாவை மந்திரி ஆசனத்தில் காக்கத் தவறினார். அன்று பேசியது வெற்றியாளனின் குரலே. பிறகு மன்னிப்புக் கேட்டார்.

2009 வரை பதவியிலிருந்த அவர், 2019 பிப்ரவரியில், சிறுவயதில் விட்டோடிய அதே பிராண்டன்பூர்க்கில், கிளைன்மாக்னோ என்னும் ஊரில் காலமானார்.