காதில் எழும் நுரை

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பகுதியில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

ஜொகூர் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பால்வெட்டுத் தோழர்களே, கிராணிமார்களே, இங்கே பட்டறைகளில் பாடுபடும் சகோதரர்களே!

காது அடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? தேக்கா பக்கம் மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு புட்டி வாங்குகிறோம். காதில் விட்டதும் 'புஸ்' என்று நுரைக்கிறது. அழுக்கெல்லாம் வெளியேறுகிறது என்று மகிழ்கிறோம்.

அந்த நுரை எது? நம் தோலிலும் இரத்தத்திலும் சீழிலும் உள்ள ஒரு பொருள் அம்மருந்தைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரிக்கிறது. அந்த வாயுவே குமிழியாக எழுகிறது. புண் இருந்தாலும் நுரைக்கும். ஆகவே நுரை வந்தது, நோய் போயிற்று என்று எண்ணுவது பேதைமை.

மருந்தை நாம் அடியோடு தள்ளவில்லை. இறுகிய குறும்பியை அது இளக்கும். ஆனால் புட்டியில் 3 சதவிகிதம் என்று இருக்க வேண்டும். அதிலும் பாதிக்குப் பாதி ஆறிய வெந்நீர் கலந்து, உடற்சூட்டளவில் சில துளிகள் விட்டு, சில நிமிடம் ஒருக்களித்துப் படுத்து, வடித்துவிட வேண்டும். அதைவிடக் கடுமையான சரக்கு தோலைச் சுடும். ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகத்தையும் தண்ணீர் கலந்துதானே ஊற்றுகிறோம்?

சீழ், இரத்தம், வலி, தலைசுற்றல், செவிப்பறையில் ஓட்டை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு துளியும் விடலாகாது. குழந்தைகளின் காதில் நாமாக எதையும் ஊற்றலாகாது.

ஊக்கும் கோழி இறகும் பஞ்சுக்குச்சியும் வேண்டவே வேண்டாம். கத்தி ஆழப் பாய்ந்தால் மரம் காயப்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளர்வதை நாம் அறிவோம். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை நடத்திய ரிட்லி துரை, மரத்தைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். மரத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள செவிப்பறைக்கு எவ்வளவு வேண்டும்!

தோழர்களே, முக்கியமான செய்தி இனிமேல்தான். இயந்திர இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவருக்குக் காது மந்தமாகலாம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் இரைச்சலே ஆபத்தின் எல்லை. அந்தச் செவிட்டுக்குக் குறும்பி காரணமல்ல. எந்தச் சொட்டு மருந்தும் அதைத் தீர்க்காது. அது வேலை தந்த நோய். சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமும், மலேசியாவில் 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டமும் அதற்கு இழப்பீடு கேட்க இடம் தருகின்றன.

புட்டியை நம்பி நாளைக் கடத்தினால் செவியும் போகும், உரிமையும் போகும். டாக்டரிடம் காதைக் காட்டுவோம். சீட்டை வாங்கிச் சங்கத்திடம் கொடுப்போம். நம் குரல் முதலாளிக்குக் கேட்க வேண்டுமானால், முதலில் நம் காது நமக்குக் கேட்க வேண்டும்!