ஊர் காத்த கூத்து: மெலட்டூர்ப் பாகவத மேளா



கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரண்டாகப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. வேந்தன் அவைக்கு உரியது வேத்தியல். ஊர்ப் பொதுமக்களுக்கு உரியது பொதுவியல். சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் இப்பகுப்பினைக் குறிப்பிடுகின்றன. வேந்தன் கொடையால் வேரூன்றிய ஒரு கூத்து, அவ்வேந்தனும் அவனது அரசும் மறைந்த பின்னர் யாரால் வாழ்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடிக் குடந்தையை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாபநாசம் வட்டத்தில், திருக்கருகாவூரை அடுத்துள்ள மெலட்டூரே அதற்குச் சான்றாகும்.

ஊரும் கொடையும்

1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் சிதைந்தது. அங்கிருந்து தெற்கே வந்த கலைவாணர்க்கும் கற்றோர்க்கும் தஞ்சை நாயக்க மன்னர்கள் புகலளித்தனர். அவர்களுள் அச்சுதப்ப நாயக்கர், தெலுங்கு பேசிய அந்தணக் குடும்பங்கள் ஐந்நூற்றுப் பத்துக்கு வீடும் கிணறும் விளைநிலமும் வழங்கி இவ்வூரில் குடியமர்த்தினார் என்பது மரபுவழிச் செய்தி. இதனால் அச்சுதபுரம் என்ற பெயரும் இவ்வூருக்கு வழங்கியது. இக்குடியினர் இறைவன்முன் ஆடிய நாட்டிய நாடகமே பாகவத மேளா ஆகும்.

இக்கூத்து மெலட்டூருக்கு மட்டும் உரியதன்று. சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், குடந்தைக்கு அண்மையிலுள்ள தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் ஆடப்பெற்றது. எனினும், தியாகராசர் (1767–1847) காலத்தவரும் அவரினும் மூத்தவருமான வேங்கடராம சாத்திரியார் மெலட்டூரில் தோன்றியமையால் அவ்வூர் தனிச்சிறப்புப் பெற்றது. பிரகலாத சரித்திரம், அரிச்சந்திர நாடகம், மார்க்கண்டேய சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம் முதலாகப் பத்துக்குக் குறையாத நாடகங்களை அவர் தெலுங்கில் இயற்றினார்.

ஓர் இரவின் நடை

நரசிம்ம செயந்தியன்று இரவு வரதராசப் பெருமாள் கோயில் முன்னர் அரங்கு அமைகிறது. கூத்தர்கள் தெய்வத்தை நோக்கி ஆடுகின்றனர். ஊரார் இருபுறமும் அமர்ந்து காண்கின்றனர். முதலில் உயர்ந்த குல்லாய் அணிந்த கோணங்கி துள்ளி வந்து அவையைக் கலகலப்பாக்குகிறான். தோடய மங்கலம் பாடப்பெறுகிறது. பின்னர்ப் பிள்ளையார் முகமூடி அணிந்த சிறுவன் ஆடி வாழ்த்துகிறான். அதன் பிறகே கதைமாந்தர் ஒவ்வொருவராக, தத்தமக்குரிய தருவினைப் பாட, ஆடியவாறு அரங்கேறுகின்றனர். கோணங்கியின் ஆட்டம் நாட்டுப்புறத்தது. அடவும் அபிநயமும் செவ்வியல் நெறியின. இரண்டும் ஓர் அரங்கில் பிணக்கின்றி இணைந்திருப்பது நோக்கத்தக்கது.

பெண் மாந்தராகவும் ஆடவரே வேடம் புனைகின்றனர். இரணியன் மனைவி லீலாவதியாக வரும் நடிகர், கணவனின் ஆணைக்கும் மகனின் உயிருக்கும் இடையே தவிக்கும் தாயாகவே மாறிவிடுவார். விடியலை நெருங்கும் வேளையில் தூண் பிளக்கிறது. கோயிலில் வைத்து வழிபடப்பெறும் நரசிம்ம முகமூடியை, அன்று நோன்பிருந்த ஒருவர் அணிந்து வெளிப்படுகிறார். ஆவேசமுற்று இரணியனை நோக்கிப் பாயும் அவரைப் பலர் சேர்ந்து பிடித்து நிறுத்துகின்றனர். அந்நேரத்தில் அங்கே இருப்போர் அதனை நடிப்பு என்று கருதுவதில்லை; கற்பூரம் ஏற்றிக் கைகூப்புகின்றனர்.

ஏடு போதுமா?

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முற்கூறிய ஆறு ஊர்களுள் மெலட்டூர், சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய மூன்றில் மட்டுமே கூத்துத் தொடர்ந்து வந்துள்ளது. ஏனைய மூன்றிலும் நின்றுபோயிற்று. அவ்வூர்கள் புலமையில் குறைந்தவை அல்ல. ஊத்துக்காடு வேங்கடகவியைத் தந்த ஊர். சூலமங்கலம் பாகவதர்களால் புகழ்பெற்ற ஊர். புலவரும் பாடலும் இருந்தும், ஆண்டுதோறும் கூடி ஆடும் வழக்கம் அற்றபோது கூத்தும் அற்றது.

மெலட்டூரிலும் இத்தளர்ச்சி நேர்ந்தது. நிலவுடைமை கைமாறியது, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்டம் தடைப்பட்ட காலமும் உண்டு. பாலு பாகவதர், கணேசய்யர் ஆகியோரின் விடாமுயற்சியும், ஈ. கிருஷ்ணய்யரின் ஊக்கமும் அதனை மீட்டன. பின்னர் ஊரார் சங்கம் அமைத்தனர். கருத்து வேறுபாட்டால் சங்கங்கள் இரண்டாயின. பிரிவு வருந்தத்தக்கதே. ஆயினும் இரு சங்கங்களுமே விழாவினைக் கைவிடவில்லை. பல ஊர்களில் அலுவல் பார்ப்போர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வேடம் புனைகின்றனர். ஊதியத்திற்காக ஆடுவோர் அல்லர். நேர்ந்துகொண்ட கடனாக ஆடுவோர்.

குறைகளையும் மறைத்தல் தகாது. ஒரு சமூகத்தார் மட்டுமே, அவருள்ளும் ஆடவர் மட்டுமே ஆடுவது இக்கூத்தின் எல்லை. இந்நாடகங்கள் சிலவற்றை ருக்மிணிதேவி கலாக்ஷேத்திர மேடைக்குக் கொண்டுவந்தபோது பெண்களும் அவற்றில் ஆடினர், கலை குன்றிவிடவில்லை. இனி, தெலுங்கில் அமைந்தமையால் பாடலின் நயம் ஊராரில் பலருக்கு எட்டுவதில்லை. இதே கதையைத் தமிழில் இரணிய நாடகமாக ஆடும் ஊர்களும் தஞ்சை வட்டாரத்தில் உள்ளன. ஆர்சுத்திப்பட்டு அவற்றுள் ஒன்று. தமிழ் ஆய்வாளர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.

நாள் இல்லாத கலைகள்

மெலட்டூர்க் கூத்துக்குத் தெய்வத்தின் பெயரால் ஒரு நாள் உண்டு. நாள் வந்தால் கூத்தும் வந்தாக வேண்டும். காவிரிப் படுகையின் நடவுப் பாட்டுக்கு அத்தகைய நாள் இல்லை. வேலையே அதன் நாள். நடவு இயந்திரம் இறங்கிய வயலில் குனிந்து நடும் பெண்களும் இல்லை. அவர்தம் பாட்டும் இல்லை. தப்பின் நிலை வேறு. இறப்பு வீட்டில் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்ட பறையை, அதனை முழக்கியோரே இழிவு நீக்கி மேடைக்குக் கொணர்ந்தனர். கலை தன் பழைய இடத்தை இழந்தும் புதிய இடம் பெறலாம் என்பதற்கு அது சான்று.

1986இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தென்னகப் பண்பாட்டு மையம் போன்றவை நாட்டுப்புறக் கலைகளுக்கு மேடை தருகின்றன. அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும் விழா மேடையில் ஒரு குழுவிற்குச் சில மணித்துளிகளே வாய்க்கின்றன. விடிய விடிய வளர்ந்து செல்லும் கூத்து அங்கே மாதிரித் துண்டாகிவிடுகிறது. முழுமை தங்குவது சொந்த ஊரில்தான்.

பத்தாண்டு நிறைவெய்தும் இலக்கிய வட்டம் ஏட்டில் எழுதும் பாட்டைப் போற்றி வந்துள்ளது. ஏடு காணாத பாட்டுக்கும் ஆண்டில் ஒரு நாளை ஒதுக்குமாயின் அது பெரும்பணியாகும். குடந்தையைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டும் அறிந்த முதிய பெண்கள் உள்ளனர். அவர்களை அவைக்கு அழைத்து, உரிய மதிப்பும் பொருளும் நல்கி, நேரம் குறிக்காமல் பாடச் செய்தல் வேண்டும். இளங்கவிஞர்கள் அருகிருந்து கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அடுத்த ஆண்டும் அதே நாளில் அவர்களை அழைத்தல் வேண்டும். மெலட்டூர் ஊரார் செய்து வருவது இவ்வளவே.