மூன்று கத்திகள்

  இளம் மருத்துவர்களே, பட்டமளிப்பு அங்கி எவ்வளவு புழுங்கும் என்று எனக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வாழ்நாளில் பெரும்பகுதி கத்தி பிடித்தவன் நான். தத்துவப் புத்தகத்தைப் புரட்டினாலும் கண் கத்தியைத்தான் தேடும். மனிதனின் இயல்பு என்ன என்று கேட்ட மூன்று மரபுகளிலும் எனக்கு ஒவ்வொரு கத்தி கிடைத்தது.

முதலாவது கிரேக்கக் கத்தி. அரிஸ்டாட்டில் ஒரு வகையில் நம்ம ஆள். அவருடைய அப்பா மாசிடோனிய அரசவை மருத்துவர். 'அரசியல்' நூலின் தொடக்கத்திலேயே அவர் டெல்பிக் கத்தியைப் பற்றிப் பேசுகிறார். பல வேலைக்கும் ஆகும்படி கொல்லர்கள் அடித்த கத்தி அது. இயற்கை அப்படிக் கஞ்சத்தனம் செய்யாது, ஒரு வேலைக்கு ஒன்றைத்தான் படைக்கும் என்கிறார். மனிதனுக்கும் அப்படி ஒரு வேலை உண்டாம்: அறிவோடு, செம்மையாக வாழ்வது. அது பிறவியிலேயே முழுதாக வந்துவிடாது. யாழ் வாசித்து வாசித்தே யாழிசைக் கலைஞன் உருவாகிறான்; நேர்மையாக நடந்து நடந்தே ஒருவன் நேர்மையானவன் ஆகிறான். இதை நான் அப்படியே நம்புகிறேன். விடுதிக் கட்டில் காலில் நூலைக் கட்டி, விடிய விடிய முடிச்சுப் போட்டுப் பழகிய தலைமுறை எங்களுடையது.

ஆனால் அந்தக் கத்தியை அவர் எதற்காக எடுத்தார் தெரியுமா? பெண் ஒரு வேலைக்கு, அடிமை இன்னொரு வேலைக்கு என்று இயற்கையே பிரித்து வைத்திருப்பதாகச் சொல்லத்தான். இன்னார் இன்னதற்கே பிறந்தவர் என்று எழுதிவைக்கத் தொடங்கினால் இதுதான் ஆபத்து. பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் கீழே போகமாட்டார்.

இரண்டாவது சீனக் கத்தி. தாவோ மரபின் சுவாங் ட்சு ஏறக்குறைய அரிஸ்டாட்டில் காலத்தவர். அவர் பெயரில் உள்ள நூலில், டிங் என்ற சமையல்காரர் மன்னர் முன்னால் மாடு அறுக்கிறார். சாதாரண சமையல்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுவார், கெட்டிக்காரர் ஆண்டுக்கு ஒன்று. டிங்கின் கத்திக்கோ வயது 19. ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும் முனை மழுங்கவில்லை. அவர் எலும்போடு மோதுவதில்லை. மூட்டுகளுக்கு நடுவே ஏற்கெனவே இருக்கும் இடைவெளியில் கத்தியை விடுகிறார். சிக்கலான இடம் வந்தால் கை தானாக நிதானமாகிவிடும்.

இதைப் படித்தபோது என் பேராசிரியர்தான் நினைவுக்கு வந்தார். தைராய்டு அறுவையில் குரல் நரம்பை நெருங்கும்போது தியேட்டரில் பேச்சு நின்றுவிடும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில் வெள்ளை நூல்போல ஓடும் நரம்பு அது. காயப்பட்டால் நோயாளியின் குரல் கரகரத்துப்போகும். அவர் மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸின் நுனியை மெல்ல நுழைத்து, விரித்து, மறுபடி நுழைப்பார். நாங்கள் அவசரப்பட்டால், "வெட்டாதேடா, பிளேனைத் தேடு. உடம்பே வழி வச்சிருக்கு" என்பார். மனித இயல்பைப் பற்றித் தாவோ மரபு சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: வழி உள்ளேயே இருக்கிறது, செதுக்கிச் செதுக்கிக் கெடுக்காதே. அதே நூலில் ஹுன்துன் என்றொரு அரசன் வருகிறான். அவனுக்குக் கண், காது, மூக்கு, வாய் எதுவும் கிடையாது. அவன் உபசரிப்புக்கு நன்றி சொல்ல விரும்பிய நண்பர்கள் நாளுக்கு ஒரு துளையாக ஏழு துளை போட்டார்கள். ஏழாம் நாள் ஆள் காலி. தேவையில்லாத அறுவை சிகிச்சை பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் நம் சிலபஸில் இல்லை.

ஆனாலும் டிங்கிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மாட்டை எப்படி அறுப்பது என்று அவருக்குத் தெரியும். அறுக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை.

மூன்றாவது கத்தி எனக்குச் சென்னை மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. 1985-ல் எரிந்துபோன அந்தச் சந்தைக்கு, மாணவனாக இருந்தபோது பழைய கன்னிங்ஹாம் அனாடமி புத்தகம் வாங்கப் போனேன். மிச்சக் காசுக்கு ஒரு மெல்லிய புத்தகமும் வாங்கினேன்: 1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் பிரெஞ்சு இருத்தலியல் தத்துவவாதி சார்த்தர் ஆற்றிய உரை. (அரியர் வைத்தவர்கள் கவனிக்க: சார்த்தர் 1928-ல் தத்துவத் தேர்வில் தோற்று, 1929-ல் முதலிடம் பிடித்தவர். இரண்டாமிடம் சிமோன் த பொவ்வார்.) அந்த உரையில் வருவது காகிதம் வெட்டும் கத்தி. எதற்கு என்று தெரிந்த பிறகுதான் அதை ஒருவர் செய்கிறார். மனிதனுக்கு அப்படி முன்கூட்டிய வரைபடம் கிடையாது. முதலில் இருக்கிறான், பிறகு தன் செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறான். இதே மரபில் நின்று, பெண்ணின் நிலை இயற்கை எழுதிய விதி இல்லை என்று பொவ்வார் 1949-ல் வாதாடினார். இந்த அரங்கில் பாதிக்கு மேல் அமர்ந்திருக்கும் பெண் மருத்துவர்களே டெல்பிக் கத்திக்கு நேரடி பதில்.

போர்க்காலத்தில் ஒரு மாணவன் சார்த்தரிடம் யோசனை கேட்டு வந்தான். அண்ணன் போரில் இறந்துவிட்டான், அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் துணை. கூடவே இருப்பதா, நாட்டுக்காகப் போராடப் போவதா? எந்த விதியும் உனக்காக முடிவு செய்யாது, நீயே தேர்ந்தெடு என்றுதான் சார்த்தரால் சொல்ல முடிந்தது.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். குணப்படுத்தலாமா என்று மருத்துவர் யோசிப்பதில்லை, எப்படி என்றுதான் யோசிக்கிறார் என்று எழுதினார் அரிஸ்டாட்டில். அவர் காலத்துக்கு அது சரி. இன்று நமக்கு 'எப்படி' பெரும்பாலும் தெரியும். 'செய்யத்தான் வேண்டுமா' என்பதில்தான் தடுமாறுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். சிசேரியன் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது, நானே சாட்சி. ஆனால் நம் தாய்மாரின் உடல் நாட்டின் சராசரியிலிருந்து அவ்வளவு மாறுபட்டதா? கை பழகியதோடு முடிவும் பழகிவிட்டதோ என்று சந்தேகப்படுகிறேன்.

ஆகவே கையை அரிஸ்டாட்டிலிடம் கொடுங்கள், உடம்பின் வழியை டிங்கிடம் கற்றுக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் பழக்கத்திடம் விட்டுவிடாதீர்கள். எண்பது வயதுப் பாட்டி "என்னை விட்டுடுங்கப்பா" என்பார். மகன் "எதையாவது செய்யுங்க டாக்டர்" என்பார். புத்தகம் ஆபத்தின் சதவீதத்தைச் சொல்லும், அதோடு நின்றுவிடும். அப்போது 'சீஃப் சொன்னார்', 'புரோட்டோகால் அப்படி' என்று ஒதுங்காதீர்கள். முதலில் பாட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள், கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். கேஸ் ஷீட்டில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

வாழ்த்துகள், டாக்டர்களே.