கண்ணுக்கு நேரே காகிதம்

(அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேஜை வேலையால் வரும் கழுத்து வலியைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் வைத்தியன் அல்ல. சயன்ஸ் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்தவன். ஆகவே மருந்து சொல்லப் போவதில்லை. வலி எப்படி வருகிறது, நாமே எதைச் சரிசெய்துகொள்ளலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்ற மூன்றை மட்டும் சொல்கிறேன்.

இது புது வியாதி அல்ல. இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றிய தம் புஸ்தகத்தின் 1713-ஆம் வருஷப் பதிப்பில் குமாஸ்தாக்களுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். ஓயாத உட்காரல், கையின் ஒரே மாதிரியான அசைவு, தப்பு வரக்கூடாதே என்ற மனக்கவலை ஆகிய மூன்றுமே அவர்கள் உபாதைக்குக் காரணம் என்றார். இன்றைக்கும் அது பொருந்துகிறது. 2020-இல் உலகத்தில் சுமார் 20 கோடி பேருக்குக் கழுத்து வலி இருந்ததாக சர்வதேச ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. கழுத்தில் உள்ள 7 எலும்புகள் அதைத் தாங்குகின்றன. தலை நேராக நிற்கும்போது பாரம் எலும்பின் மேல் இறங்குகிறது. குனிந்தால், பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நியூயார்க் முதுகெலும்பு நிபுணர் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் சுமார் 12 கிலோ பாரம், 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ. இது கணக்கு மாதிரிதான், தராசில் நிறுத்ததல்ல. ஆனாலும் விஷயம் விளங்குகிறது.

நம்மவர்கள் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போனவர்கள். டைப் இன்ஸ்டிட்யூட்டில் முதல் பாடம் என்ன? நிமிர்ந்து உட்கார், விசையைப் பார்க்காதே, பக்கத்துத் தாங்கியில் இருக்கும் காகிதத்தைப் பார். வேகத்துக்காகச் சொன்னது கழுத்துக்கும் ரக்ஷையாயிற்று. பழைய கணக்கப்பிள்ளைகளின் சாய்வுப் பெட்டியும், பாராயணத்துக்கு நாம் வைக்கும் வியாச பீடமும் அதே வேலையைத்தான் செய்தன. கண் காகிதத்தைத் தேடிக் கீழே போகவில்லை. காகிதம் கண்ணை நோக்கி மேலே வந்தது.

லாப்டாப் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது. திரையும் விசையும் ஒட்டியே இருப்பதால், கைக்குச் சௌகரியமாக வைத்தால் கழுத்து குனிகிறது. 2020 லாக்டவுனில் ஊருக்கு வந்த பிள்ளைகள் ஊஞ்சலிலும் கட்டிலிலும் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வாளையாரில் லாரி பில்களைக் குனிந்து எழுதிய வணிகவரிச் சாவடி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு போயிற்று. இடுக்கியில் புற்றடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. நோட்டுப் புஸ்தகம் போய்த் திரை வந்தது. குனிவது மட்டும் போகவில்லை.

பரிகாரம் சுலபம். லாப்டாப்புக்கு அடியில் நாலைந்து தடிமனான புஸ்தகங்களை வைத்து, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். விசைப்பலகையைத் தனியாக வாங்கி முழங்கை உயரத்தில் வையுங்கள். நம் வயசுக்காரர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு: பைஃபோகல் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவார்கள். அதுவும் கழுத்துக்குக் கெடுதல். அவர்கள் திரையைச் சற்றுத் தாழ்த்தலாம், அல்லது கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி வாங்கலாம். செல்போனை மடியில் வைக்காமல், முழங்கையைத் தாங்கலில் ஊன்றி, உயர்த்திப் பிடியுங்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேச வேண்டாம்.

எவ்வளவு நல்ல ஆசனமானாலும், அசையாமல் இருந்தால் வலிதான். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, தீர்த்தம் குடித்துவிட்டு வாருங்கள். தோளை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையை அசைக்காமல் 5 விநாடி எதிர்த்து அழுத்துங்கள். அப்படியே பின்னந்தலையிலும் இரண்டு பக்கங்களிலும் செய்யுங்கள். வலி அதிகமானால் நிறுத்திவிட வேண்டும்.

இனி எச்சரிக்கைகள். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். கிரீவவஸ்தி போன்ற சிகித்ஸைகளைப் படித்த வைத்தியரிடம் செய்துகொள்ளலாம். ஆனால் சலூனில் கழுத்தை ‘மடக்’ என்று திருகச் சம்மதிக்கவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். கழுத்தில் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சிரசாசனம் செய்ய வேண்டாம். காலரை மாதக்கணக்கில் போட்டால் தசை பலவீனமாகும். எக்ஸ்-ரேயில் ‘தேய்மானம்’ என்று எழுதியிருந்தால் பயப்படவும் வேண்டாம். 60 வயசுக்கு மேல், வலியே இல்லாத பலருக்கும் அது தெரியும்.

சில அறிகுறிகளை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, கையெழுத்து திடீரென்று கோணுவது, நடை தள்ளாடுவது, கை மரத்துப் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஆகியவை தண்டுவடம் நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். ‘வயசாயிடுத்து, அப்படித்தான் இருக்கும்’ என்று நாமே தீர்ப்பு சொல்லிக்கொள்கிறோம். அதற்குள் நரம்புக்கு நேர்ந்த சேதம் பிறகு முழுக்கத் திரும்பாமல் போகலாம். கழுத்திலும் இடது கையிலும் வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தைலத்தைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூணார், வண்டன்மேடு மாதிரி மலைப்பக்கத்தில் இருப்பவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகும் என்பதால், இன்னும் சீக்கிரமே கிளம்ப வேண்டும்.

இன்று ராத்திரி ஆத்துக்குப் போனதும், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ போன் செய்து, “உன் திரை எந்த உயரத்தில் இருக்கிறது?” என்று கேளுங்கள். கேட்கும்போது நீங்களும் போனை உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.