உல்லன்னு சொன்னதெல்லாம் கம்பளி இல்ல

குற்றாலம் சீசன்னா எல்லாருக்கும் அருவி ஞாபகம் வரும். தென்காசிக்காரங்களுக்கு அது சாரலும் காத்தும். காலையில அஞ்சு மணிக்குத் திண்ணையில உக்காந்து பூக்கட்டுற எங்க அம்மாவுக்கு விரல் மடங்காது. முழு கிளவுஸ் போட்டா நார் பிடிபடாது. அதனால விரல் நுனி வெளியே தெரியுற கையுறை ஒண்ணு பின்ன ஆரம்பிச்சேன்.

முதல் ஜோடி ஃபெயில். ‘உல்லன்’னு கேட்டு வாங்கின நூல் அக்ரிலிக். நீங்க ஏமாறாம இருக்க, ஒரு துண்டு நூலை இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா முடி கருகுற வாசனை வரும், சாம்பல் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி உருண்டையாயிடும்.

என்ன பெரிய வித்தியாசம்? கம்பளி தன் எடையில சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழுத்தாலும் தொட்டா நனைஞ்ச மாதிரி தெரியாது. அதோட சுருள் இழை காத்தைப் பிடிச்சு வைக்கும். அதுதான் சூடு. சாரலுக்கு வேற என்ன வேணும்?

நம்ம பக்கத்து கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகள் இறைச்சிக்கானவை, கம்பளி தராது. தமிழ்நாட்டுல மென்மையான கம்பளிக்கு நீலகிரி ஆடுதான்.

செய்முறை சிம்பிள். 4 மி.மீ. ஊசியில 40 கண்ணி போடுங்க. ரெண்டு நிட், ரெண்டு பர்ல்னு 7 இஞ்ச் பின்னுங்க. மடிச்சு, கீழே 4 இஞ்ச், மேலே 1 இஞ்ச் தைங்க. நடுவுல விட்ட 2 இஞ்ச் கட்டைவிரலுக்கு.

ரெண்டாவது ஜோடியைப் போட்டு ஒரு முழம் கட்டி முடிச்சதும் அம்மா சொன்னாங்க: “ஏல, எனக்கு விரல் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.”

அடுத்த எபிசோட்ல பாப்போம். நூல் வாங்கினா தீக்குச்சியை மறக்காதீங்க!